என் மேஜையில் ஒட்டிய வார்த்தை

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப்பிராணி என்று பெயர். பால் பாக்கெட் வாங்கினால் மூலையை அமுக்கிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரி காரணமில்லாமல் சிரித்தால் அன்று முழுக்க அதையே போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன். அதனால் என் ஆபீஸ் மெஷின் மத்தியான வேளையில் அணைந்துபோக ஆரம்பித்தபோது, அது தானாக அணைகிறது என்று ஒரு நிமிஷம்கூட நான் நம்பவில்லை. எவனோ அணைக்கிறான். இல்லாவிட்டால் எவளோ.

நான் ஃபோர்ட்டில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். வீடு செம்பூரில், கோவண்டி ஸ்டேஷனை ஒட்டினாற்போல. என் வீட்டுக்காரர் டிராம்பே பக்கம் எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தார். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோடு சாய்ந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று, கால் போயிற்று, பேச்சும் போயிற்று. கால் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சில் திரும்பி வந்தது இரண்டே வார்த்தைகள். சாலு, பந்த்.

மும்பையில் வளர்ந்த தமிழர்கள் யாரும் ஃபேனைப் போடு என்று சொல்வதில்லை. ஃபேன் சாலு பண்ணு என்போம். அணைக்க வேண்டுமானால் பந்த் பண்ணு. கடை சாலு, ரோடு பந்த், லிஃப்ட் சாலு, குழாய் பந்த். இது ஹிந்தி என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. அவருக்கு மற்ற எல்லாம் அழிந்து இந்த சுவிட்ச் இரண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. டி.வி. பார்க்கணும் என்றால் சாலு. சோறு போதும் என்றால் பந்த். நான் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்தினால் அதற்கும் கூடத்திலிருந்து பந்த் என்று குரல் வரும்.

பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண், "அது பழக்கத்துல வர்ற வார்த்தை ஆன்ட்டி, அர்த்தத்தோட சொல்றார்னு எடுத்துக்காதீங்க" என்றாள். அதையும் நான் முழுசாக நம்பவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றும். ஆனால் அதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் கிடையாது.

முதலில் ஒரு அட்டெண்டர் அம்மாளைப் பகலுக்கு வைத்துவிட்டு நான் ஆபீசுக்குப் போனேன். அந்த அம்மாள் பால்கனியில் போனில் பேசிக்கொண்டிருந்தபோது இவர் மெல்ல எழுந்து போய், டீ போடவோ என்னவோ, கேஸைத் திருகிவிட்டார். லைட்டர் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எதிர்வீட்டில் நாற்றம் பிடித்துக் கதவைத் தட்டினார்கள். நான் ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து, சாலு, சாலு என்று அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், இவரை விட்டுவிட்டு இனி வேலைக்குப் போவதில்லை. வேலையை விடவும் முடியாது. அப்போது இருந்த மேனேஜர் நல்ல மனுஷன், வீட்டிலிருந்து செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். எங்கள் கணக்கு சாஃப்ட்வேர் ஆபீசை விட்டு வெளியே வராது. நடுவில் ஃபயர்வால் இருக்கிறது என்றார் ஐ.டி.க்காரர். எங்கள் வீட்டில் ஃபயர்வால் என்றால் நிஜச் சுவர். ஆலையில் ஒரு தொட்டியில் தீப்பிடித்தால் அடுத்த தொட்டிக்குத் தாவாமல் இருக்கக் கட்டியது. அதன் நிழலில் உட்கார்ந்துதான் இவர் வருஷக்கணக்காகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அந்தச் சுவருக்கு வெளியே இப்போது நான் உட்கார்ந்தேன்.

உள்ளே போகிற வழி இது. முதலில் லேப்டாப்பில் வி.பி.என். திறக்க வேண்டும். போனில் ஒரு நம்பர் வரும், அது மறைவதற்குள் தட்டிவிட வேண்டும். தட்டினால் சுவரில் ஒரு திட்டிவாசல் திறக்கும். அது வழியாகப் போய், ஃபோர்ட்டில் என் மேஜைமேல் இருக்கிற என் பழைய மெஷினைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் அங்கே தெரிகிற திரை இங்கே என் சாப்பாட்டு மேஜையில் தெரியும். நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும். நான் செய்வதெல்லாம் அங்கே போகிறவர் வருகிறவர் கண்ணிலும் படும். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. ஆனால் முக்கியமான நிபந்தனை வேறு: அங்கே மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அணைந்துவிட்டால் இங்கே நான் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது. யாராவது எழுந்து போய் பட்டனை அமுக்க வேண்டும்.

புது மேனேஜர் வந்த மாதத்தில்தான் அது அணைய ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் திரை சட்டென்று உறைந்து, தொடர்பு இல்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். சில நாள் கொஞ்ச நேரத்தில் உயிர் வரும். சில நாள் சாயங்காலம் வரை வராது. ஐ.டி.க்குப் போன் செய்தால், "டிக்கெட் டாலியே மேடம்" என்று ஒரு குரல். புகார் பதிவதைத்தான் டிக்கெட் என்கிறார்கள்; போட்டேன். அந்த டிக்கெட்டில் கொல்கத்தாவுக்கே போய் வந்திருக்கலாம், ஒருத்தனும் எட்டிப்பார்க்கவில்லை.

யார் என்று நான் அதிகம் தேடவில்லை. பக்கத்து சீட்டுக்காரிதான்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக வேர்விட்ட பாலக்காட்டுக் குடும்பம். அப்பா பாங்கு, அப்பாவுக்கு அப்பா ரயில்வே, எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தவர்கள். நான் தாராவியில் பிறந்தவள். திருநெல்வேலியிலிருந்து வந்து பட்டறையில் நின்று சம்பாதித்தவரின் மகள். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவில் இருப்பது தண்டவாளம்தான். அதைத் தாண்டி ஒரு நாற்காலியில் உட்கார எங்கள் குடும்பத்தில் நான் வர வேண்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் எத்தனையோ வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம், டப்பாவைப் பகிர்ந்துகொண்டோம். ஒரே ஒரு நாள் நான் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோனேன். அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, திறந்தாள், அவ்வளவுதான். எனக்கு அது போதும். செத்தாலும் மறக்க மாட்டேன்.

அவளும் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டிருந்தாள். அவளுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. வயிறு எரியாதா? எனக்கே எரிந்திருக்கும்.

ஒரு நாள் புது மேனேஜர் கூப்பிட்டார். "மேடம், லஞ்ச் கே பாத் ஆப் காயப் ஹோ ஜாத்தீ ஹைன்" என்றார். சாப்பாட்டுக்கு அப்புறம் நீங்கள் மாயமாகிவிடுகிறீர்களாம். மெஷின் அணைகிறது என்றேன். "எல்லாருடைய மெஷினும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். நான் படுத்துத் தூங்குகிறேன் என்று நினைக்கிறார். கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெட் ஆபீஸ் மீட்டிங். அதில் நான் வீட்டிலிருந்தே மாதக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து சீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் வலது கையைத் தடவிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை இவரை யாரிடம் விடுவேன்? கேஸ் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் போகவா? வெளியே பூட்டிவிட்டுப் போகவா? 

அன்றைக்கே ஒரு பொறி வைத்தேன். ஆபீஸ் மெஷினில் நோட்பேடைத் திறந்து, பெரிய பெரிய ஆங்கில எழுத்தில், நீ யாரென்று எனக்குத் தெரியும் என்று அடித்து, சேமித்து, அப்படியே திறந்து விட்டேன். கள்ளி படித்தால் நடுங்குவாள் என்று கணக்கு. மறுநாள் காலையில் பார்த்தால் அந்த வரி அப்படியே இருந்தது. ஒரு எழுத்துகூட யாரும் சேர்க்கவில்லை. பதில் சொல்லாததே எனக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது.

அடுத்த முறை அணைந்தபோது என் மேஜையில் இருக்கிற லேண்ட்லைனுக்கே போன் போட்டேன். மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். எடுத்தவள் என்னிடம் பேசவில்லை. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு வேறு யாரிடமோ ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் குரல்தான். அட்சரம் அட்சரமாகக் கேட்டது.

"வோ தோ ஹமேஷா சாலு ஹை. லிக் கே சிப்கா தேத்தீ ஹூம், சப்கோ பதா சலே."

எப்பவுமே சாலு. எழுதி ஒட்டிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரியட்டும்.

மும்பையில் ஒருத்தியை சாலு என்றால் என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். கள்ளி. காரியக்காரி. நைசாகப் பேசித் தன் வேலையை முடித்துக்கொண்டு போகிறவள். என் வீட்டுக்காரரும் என்னை அப்படிச் சொல்லியிருக்கிறார். கல்யாணமான புதிதில் தாராவி மார்க்கெட்டில் மீன்காரியிடம் நான் விலையைப் பாதியாக அடித்ததைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ சரியான சாலுட்டி" என்று வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தார். அவர் வாயிலிருந்து வந்தால் அது கொஞ்சல். மாட்டுங்கா வாயிலிருந்து வந்தால் வேறு. தாராவிக்காரி என்றால் சாலுதானே, புருஷன் படுத்ததைச் சாக்காக வைத்து வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள், இதுதானே அர்த்தம்? எனக்குக் காது இரண்டும் கொதித்தது. போனைப் பட்டென்று வைத்தேன்.

அதற்கப்புறம் அவள் மொபைலில் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். எழுதி ஒட்டுகிறவளோடு எனக்கு என்ன பேச்சு?

இதில் வேடிக்கை, அன்றோடு மெஷின் அணைவது நின்றுபோயிற்று. காலை, மத்தியானம், சாயங்காலம், எப்போது போனாலும் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியாக இருந்திருப்பார்கள். எனக்கு இன்னும் சந்தேகம் கூடிற்று. ஏன் நிறுத்தினாள்? நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது, அதனால் அடக்கி வாசிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்கிறாள்.

வெள்ளிக்கு முந்தின நாள் நான் ஆபீசுக்குப் போக வேண்டி வந்தது. பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது. புதிதாக மாற்றுவதென்றால் சுவருக்கு உள்ளே வந்து, நேரில் உட்கார்ந்துதான் மாற்ற வேண்டும் என்பது ஐ.டி. சட்டம். எதிர்வீட்டு அம்மாவைக் கெஞ்சி இவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, கேஸை மூடி, மூடியதைத் திரும்ப வந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆபீசில் நுழைந்ததும் என் மேஜைதான் கண்ணில் பட்டது. மானிட்டரை நடைபாதைக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்திருந்தார்கள். அந்த முதுகில், போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு வெள்ளைத் தாள். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், நாகரி எழுத்தில், கொட்டை கொட்டையாக ஒரே வார்த்தை. சாலு.

சொன்னதைச் செய்துவிட்டாள்.

 நேராகப் போய்த் தாளைப் பிய்த்தேன். செலோடேப் பெயிண்ட்டோடு வந்தது. தாளை நாலாகக் கிழித்து அவள் கீபோர்டு மேல் போட்டேன்.

"ஆமா, சாலுதான். தாராவிக்காரி எல்லாரும் சாலுதான் ஒங்களுக்கு. எம் புருஷன் கையிழந்து காலிழந்து கெடக்காரு, ஒனக்கு நோட்டீஸ் ஒட்டி வெளையாட்டா இருக்கு, என்னா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்றாள். "ஏய், என்னடி பேசற, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"பந்த் கர்!" என்று கத்தினேன்.

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது. நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஐ.டி.க்காரர் வந்து பாஸ்வேர்டு மாற்றித் தந்தார். நான் யார் முகத்தையும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து மாதக் கணக்கை முடித்து வைத்துவிட்டு ரயில் ஏறினேன்.  சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று திருப்தியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. இவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கணக்கைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தேன். மீட்டிங்குக்குக் கொஞ்ச நேரம் இருந்தது. ரசம் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் போட்டிருப்பேன், திரை உறைந்தது. தொடர்பு இல்லை.

வி.பி.என். இருக்கிறது. திட்டிவாசல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனால் மெஷின் இல்லை. மறுபடி முயன்றேன். மறுபடியும் இல்லை. ஐ.டி.க்குப் போன் போட்டேன், லஞ்ச்சாம். வேறு செக்ஷனில் தெரிந்த ஒருத்தரைக் கூப்பிட்டேன், அவர் லீவு. இவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பந்த்" என்றார் மெதுவாக.

"ஆமாங்க, பந்த். எல்லாம் பந்த். திங்கக்கெழமயிலருந்து நம்ம பொழப்பே பந்த்" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி ஒரே ஒருத்திதான் பாக்கி. என் மெஷினுக்குக் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவள். நேற்று ஆபீஸ் முழுக்கப் பார்க்க நான் கத்தினேனே, அவள். அவள்தான் அணைத்தாள் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அணைத்தவளையே கூப்பிட்டுத் தாயே, போடு என்று கேட்க வேண்டிய நிலைமை. மானம் ரோஷத்தைப் பார்த்தால் திங்கட்கிழமை வீட்டைப் பூட்ட வேண்டும். போட்டேன்.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள்.

"நான்தான்" என்றேன்.

"தெரியறது. சொல்லு."

"மெஷின் அணஞ்சு போச்சு."

"ம்."

"இன்னைக்கு மீட்டிங்கு. ஒனக்குத் தெரியும்."

"தெரியும். அதுக்கு நான் என்ன பண்ணணும்ங்கற?"

என்னைக் கேட்கவைக்கிறாள். வாய்விட்டுக் கேட்கவைத்து ரசிக்கப்போகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் எந்திரிச்சுப் போயி, அத சாலு பண்ணேன்."

சொன்ன வாய் அப்படியே நின்றது. என் குரல் என் காதில் விழுந்தது. சாலு பண்ணு. ஃபேன் சாலு, லைட் சாலு, மெஷின் சாலு. நாள் முழுக்க என் வீட்டில் கேட்கிற வார்த்தை. மெஷின்மேல் ஒட்டியிருந்த வார்த்தை.

 அவள் கேட்டாள்.

"எந்த சாலு?"

  நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவள் செருப்புச் சத்தம். பிறகு என் பழைய மெஷின் கிளம்பும்போது போடுகிற பீப் போனிலேயே கேட்டது.

"அமுக்கிட்டேன். அது எழுந்துக்க நேரமாகும். அது வரைக்கும் வாயைத் திறக்காம கேளு" என்றாள். "ஆளில்லாத மேஜைல மத்தியானம் எதுவும் ஓடக்கூடாதுன்னு புது மேனேஜரோட ஆர்டர். கரண்ட்ட மிச்சம் பண்றாராம். கிளீனிங் பண்ற ஆள் வந்து உன்னோடத அணைச்சுட்டுப் போயிடுவான். நான் பாத்தா எழுந்து போடுவேன், பாக்கலேன்னா போச்சு. அவன்கிட்டயே சொன்னேன், வோ தோ ஹமேஷா சாலு ஹை, அத தொடாதேன்னு. அவன் ஒருத்தன் கேட்டாப் போறுமா, லீவுல வேற ஆள் வருவா. அதான் எழுதி ஒட்டினேன். அவாளுக்கு இங்கிலீஷ் வராது, ஹிந்தில எழுதினேன். நேத்து நீ கிழிச்சுப் போட்டே. இன்னிக்கு அவன் லீவு, வேற ஆள் வந்து அணைச்சுட்டான். அதுடீ. அது. அவ இல்லே."

ஹிந்தியில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் வோ என்று ஒரே வார்த்தைதான். தமிழில் சொல்லியிருந்தால் மெஷினை அது என்றிருப்பாள், என்னை அவ என்றிருப்பாள், சனியன் இத்தனை வம்பும் வந்திருக்காது. ஆனால் அந்த ஆளிடம் அவள் எப்படித் தமிழில் பேசுவாள்? பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையையும் கலந்து பேசுகிற எனக்கு அந்த நேரத்தில் ஹிந்திக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்திருக்கிறது. அதிலும் எது குத்துமோ அது மட்டும்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். குரலில் சுருதியே இல்லை.

"எத்தனை தடவை கூப்பிட்டேன்? எடுத்தியா நீ?"

 இந்தப் பக்கம் திரையில் என் மெஷினின் நீலம் விழித்துக்கொண்டது. எனக்குக் கண்ணீர் மறைத்தது.

"வந்துட்டு" என்றேன். "எப்பா. வந்துட்டு. ஏ, மன்னிச்சிருட்டி."

"சாரியெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நேத்து எல்லார் முன்னாடியும் கேட்டியே, அது எனக்கு மறக்காது. புருஷன் கிடக்கான்னு சொன்னியே, அதுல விளையாடற ஆளா நான்?"

"அன்னைக்கு நான் கருவாடு கொண்டாந்தப்ப நீ ஜன்னலத் திறந்தேல்லா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"எந்த ஜன்னல்?"

அவளுக்கு நினைவில்லையாம். நான் நம்பவில்லை. மானிட்டரை ஏன் திருப்பி வைத்திருந்தாள் என்பதையும் நான் கேட்கவில்லை. என் திரையைப் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்று திருப்பியிருக்கலாம். அவள் மட்டும் பார்க்கலாம் என்றும் திருப்பியிருக்கலாம்.

"போ, மீட்டிங்குக்குப் போ. நான் அவன் வந்தா பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

மீட்டிங் நடந்தது. கணக்கைத் திறந்து காட்டினேன். ஹெட் ஆபீசிலிருந்து இரண்டு கேள்வி கேட்டார்கள், சொன்னேன். மேனேஜர், குட், கண்டின்யூ என்றார். மத்தியானம் மெஷின் அணைவது உங்கள் ஆர்டரால்தான் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். முடிந்ததும் திரையில் என் அம்பு தானாக அசைந்தது. வழக்கமாக இருந்தால் அலறியிருப்பேன். அது மெல்லப் போய் நோட்பேடைத் திறந்தது. நீ யாரென்று எனக்குத் தெரியும் என்று நான் சேமித்து வைத்திருந்த வரி இன்னும் அங்கேயே கிடந்தது. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு வரி விழுந்தது. அவளுக்குத் தமிழ் எழுத வராது. "புதுசா எழுதி ஒட்டியாச்சு, இதையும் கிழிச்சா கையை உடைப்பேன்."

நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையாகிவிட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினேன். ஆறிப்போன என் ரசம் சோறு அப்படியே இருந்தது. "திங்கக்கெழம நான் எங்கயும் போகல. ஒங்க கூடத்தான் இருக்கப் போறேன்" என்றேன். பந்த் என்பார், அழுகையை நிறுத்து என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோணிப்போன வாயின் ஒரு ஓரம் மெல்ல மேலே போயிற்று. இடது கையைத் தூக்கினார். விரலை நீட்டினார். டி.வி.யை நோக்கி இல்லை, ஃபேனை நோக்கி இல்லை, லேப்டாப்பை நோக்கியும் இல்லை. நேராக என்னை நோக்கி.

"சாலு" என்றார். தோள் குலுங்கச் சிரித்தார், மீன் மார்க்கெட்டிலிருந்து வீடு வரை சிரித்த அதே சிரிப்பு.

அவர் எந்த சாலுவைச் சொன்னார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.